மாமாவின் விளம்பரத்தைத் தொட்டது யார்?

"விளம்பரத்தக் காணல்ல, மருமோன்."

காலை ஆறே கால் மணி. சாப்பிட்டியா, எழும்பினியா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. மாமா என்றால் அப்படித்தான். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. பாசிக்குடாக் கடலுக்குப் பத்து நிமிட நடையில், கல்குடாப் பக்கம், ஐந்து அறை கொண்ட விருந்தினர் விடுதி வைத்திருக்கிறார். நான் மட்டக்களப்பு நகரத்தில், திருமலை வீதியை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் இருந்து வெப்சைட் செய்து கொடுக்கிறவன்.

2023 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். கடல் தெளிந்துவிட்டது, வெள்ளைக்காரர் திரும்பவும் வரத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் அறை பதிந்து தரும் தளங்கள் நூற்றுக்குப் பதினைந்து, பதினெட்டு என்று கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருகின்றன. "நேரே நம்மட்ட வரச் செய் மனே" என்றார். சரி என்று கூகுளில் ஒரு தேடல் விளம்பரம் போட்டுக் கொடுத்தேன். பாசிக்குடாவில் தங்க இடம் வேண்டும் என்று யாராவது ஆங்கிலத்தில் தேடினால் மாமாவின் விடுதி மேலே வரும். தொட்டால் மாமாவின் கணக்கில் காசு கழியும். தொடாவிட்டால் ஒரு சதமும் இல்லை. சராசரியாக ஒரு நாளைக்கு 5 டொலர் என்று எல்லையும் வைத்தாயிற்று.

டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்ற காலம் அது. எதையும் மீன் விலையில் அளந்தால்தான் மாமாவுக்கு மனதில் நிற்கும். "ஒரு நாளைக்கு ஒரு கிலோ பாரை" என்று அவராகவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த ஒரு கிலோ பாரை இப்போது விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. நாலைந்து நாளாக இதே கதை. நள்ளிரவில் தொடங்குகிற கணக்கு ஆறு மணிக்கு முன்னரே முடிந்துவிடும், பிறகு அன்று முழுக்க விளம்பரம் வராது. அறை கேட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை.

"ஆரோ வேணுமெண்டு தொடுறான். பக்கத்து ஹோட்டல்காரன்தான். எனக்குத் தெரியும்."

கல்குடாப் பொலிஸில் போய் ஓர் முறைப்பாடு போடலாமா என்றும் கேட்டார். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பொலிஸ் புத்தகத்தில் என்ன எழுதச் சொல்வது? என் விளம்பரத்தை ஒருவன் விரலால் தொட்டான் என்றா? இரண்டு நாள் பொறுங்கள், பார்க்கிறேன் என்றேன்.

மாமாவின் சந்தேகத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. போட்டிக்காரனின் விளம்பரத்தைத் தொட்டுத் தொட்டு அவன் பணத்தைக் கரைப்பது இந்தத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற வேலை. கிளிக்குக்கு இவ்வளவு என்று விலை வைத்துத் தேடல் விளம்பரத்தை ஏலம் விட்டவர் பில் குரோஸ் என்ற அமெரிக்கர். 1998இல், அவருடைய கோட்டு.கொம் என்ற தளத்தில். கூகுள் 2000இல் விளம்பரத்துக்குள் வந்து, 2002இல் அதே வழிக்கு மாறியது. அடுத்த வருடம் ஆட்சென்ஸ் வந்தது. அதாவது உங்களுடைய வெப்சைட் பக்கத்தில் அவர்களுடைய விளம்பரம், வருகிற காசில் உங்களுக்கும் பங்கு. பக்கத்தில் போடும் விளம்பரத்துக்கு அந்தப் பங்கு 68 சதவீதம் என்று கூகுள் 2010இல் வெளியே சொன்னது. இதோடு கள்ள வேலைக்கு இரண்டு கதவு திறந்துகொண்டது. போட்டிக்காரனுக்கு நட்டம் வைக்கத் தொடுகிறவன் ஒருத்தன், தன் பக்கத்திலுள்ள விளம்பரத்தைத் தானே தொட்டுக் காசு பார்க்கிறவன் இன்னொருத்தன்.

இந்த இரண்டாவது ஆளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். மாமாவிடம் நான் சொல்லாத கதை அது.

2010. எனக்கு இருபது வயது. நகரத்தில் ஒரு நெட் கபேயில் பகுதி நேர வேலை. ஆறு கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி. நண்பர்கள் மூன்று பேருடன் சேர்ந்து ஒரு வலைப்பூ தொடங்கினோம். கைபேசிக்கு ரிங்டோன், சுவரில் ஒட்டுகிற மாதிரிப் படங்கள், எல்லாம் உடைந்த ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் விளம்பரம் தரமாட்டார்கள். ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில்தான். என்ன எழுதியிருந்தோம் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாத அந்தப் பக்கத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வலையமைப்பின் விளம்பரம் ஓடியது. 100 டொலர் சேர்ந்தால் காசு அனுப்புவார்கள். முதல் மாதத்தில் சேர்ந்தது ஒரு டொலரும் சில்லறையும்.

பிறகு கபேயைப் பூட்டிவிட்டு இரவில் உட்கார ஆரம்பித்தோம். ஆறு கொம்பியூட்டரிலும் மாறி மாறி. சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் ஒரு பிளேன்ரீ. எலியால் எதைத் தொட்டாலும் இரண்டு தரம் டக் டக் என்று தட்டிப் பழகிய கைகள், விளம்பரத்தையும் அப்படியே தட்டின. உண்மையாகவே அப்படி இரட்டைத் தட்டில் வரும் இரண்டாவது கிளிக்குக்கும் கூகுள் 2005 வரை விளம்பரதாரரிடம் காசு எடுத்திருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ஐந்து வருடம் பிந்திவிட்டோம்.

87 டொலர் வரை வந்தோம். அந்தக் காசில் என்ன வாங்குவது என்று சண்டைகூடப் பிடித்தாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. செல்லாத நடவடிக்கை, கணக்கு மூடப்பட்டது, அவ்வளவுதான். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அன்று பெரிய ஆச்சரியம். இன்று யோசித்தால் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். நூறு பேர் பார்த்தால் ஒருவர் தொடுவதே பெரிய காரியமான இடத்தில், எங்கள் பக்கத்தில் நூற்றுக்கு முப்பது பேர் தொட்டிருந்தார்கள். அந்த முப்பது பேரும் ஒரே இணைய இணைப்பிலிருந்து, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில்.

இதையே பெரிதாகச் செய்தவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ஒரு சிறு நிறுவனம் தன் பக்கத்து விளம்பரங்களைத் தானே கிளிக் பண்ணியது என்று கூகுள் 2004இல் வழக்குப் போட்டு, 75,000 டொலர் தீர்ப்பும் வாங்கியது. நாங்கள் 87 டொலரோடு தப்பினோம்.

அதற்கும் முந்திய குற்றம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒரு ரியூசன் மாஸ்டர் 500 நோட்டீஸ் தந்து, கல்லடியில் வீடு வீடாகக் கொடுக்கச் சொன்னார். நூறு நோட்டீசுக்கு இவ்வளவு என்று கூலி. இருநூறு கொடுத்ததும் கால் வலித்தது. மிச்சத்தைப் பழைய இரும்புப் பாலத்திலிருந்து, அதுதான் 1924இல் கட்டிய லேடி மனிங் பாலம், வாவிக்குள் போட்டுவிட்டேன். கடதாசி தாழும் என்று நினைத்தேன். ரோஸ் நிறக் கடதாசி. அடுத்த நாள் காலை கரையோரச் செடிகளில் எல்லாம் ரோஸ் நிறம். மாஸ்டர் சைக்கிளில் பாலத்தால் வந்தார். அடிக்கவில்லை. "உனக்கு நான் காசு தந்தது கடதாசி தீரவா, பிள்ளைகள் வரவா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, மாமாவிடம் வருவோம்.

விளம்பரக் கணக்கின் அறிக்கையில் செல்லாத கிளிக் என்று ஒரு நிரல் இருக்கிறது. ஆனால் அது தானாகத் தெரியாது, நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தேன். கொஞ்சத்தை அவர்களாகவே கண்டுபிடித்துக் கழித்திருந்தார்கள். மிச்சம் எல்லாம் நல்ல கிளிக் என்றது அறிக்கை. யார் தொட்டார்கள் என்று அதில் இல்லை. ஆகவே விடுதியின் வெப்சைட் இருக்கிற சேர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். விளம்பரத்தைத் தொட்டு வருகிறவர்கள் திறக்கும் பக்கத்தின் முகவரியின் வாலில் நீளமான ஓர் அடையாளத் தொடர் ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒவ்வொன்று. அந்த வால் உள்ள வரிகளை மட்டும் பொறுக்கி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதினேன். இந்த மாதிரி வேலைக்கு இன்றும் எனக்குத் தாளும் பேனையும்தான்.

5.46. 5.47. 5.51. அதற்கு முதல் நாள் 5.44, 5.45. அதற்கும் முதல் நாள் 5.50. எல்லாம் ஒரே ஐ.பி. முகவரி, அதாவது ஒரே இணைய இணைப்பின் எண். உள்ளே வந்து பத்து வினாடிகூட நிற்கவில்லை. வந்த கையோடு வெளியே போயாயிற்று. பக்கத்து ஹோட்டல்காரன் இவ்வளவு ஒழுங்காக விடியச் சாமம் எழும்புவானா என்று யோசித்துக்கொண்டே பதிவேட்டை மேலே நகர்த்தினேன். அதே ஐ.பி. முகவரி போன ஞாயிறு பிற்பகலிலும் இருந்தது. வெப்சைட்டின் நிர்வாகப் பக்கத்துக்குள் என்னுடைய கடவுச்சொல்லைப் போட்டு ஒருவர் நுழைந்திருந்தார்.

அது நான். அன்று மாமாவின் விடுதியில் இருந்து, அவருடைய வைபையில், அறைப் படங்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

போன் எடுத்தேன். "மாமா, விடிய எழும்பி என்ன செய்வீங்க?"

"தேத்தண்ணி குடிப்பன். விளம்பரம் வருதா எண்டு பார்ப்பன். காசு கட்டுறம்தானே? உள்ள போய் வேலை செய்யுதா எண்டும் பார்க்கோணுமே."

ஒவ்வொரு பார்வைக்கும் நாற்பது ரூபாய்க்கு மேல். காசு எப்படிக் கழிகிறது என்று தொடக்கத்திலேயே விளக்கியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். ஆனால் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினால் கூலி கொடுக்க வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்?

சரி, மாமா தொட்டது மூன்று. மிச்சம்? நள்ளிரவு பன்னிரண்டரை தொடக்கம் மூன்று மணி வரை வரிசையாக லண்டன், ஜெர்மனி, பாரிஸ். நாங்கள் குறிவைத்த நாடுகள்தான், வெள்ளைக்காரர் வருவது அங்கிருந்துதானே. ஆனால் இங்கே நள்ளிரவு தாண்டிய நேரம் அங்கே வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுக்கிற நேரம். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். சந்தேகப்பட்டது சரி. ஆறு நாளைக்கு முன் மாமா ஒரு திரைப்பிடியைப் போட்டிருக்கிறார்: "நம்மட விடுதி தேடினா முதலாவதா வருது." கீழே கைகூப்புகள், பூங்கொத்துகள், "நாங்களும் பார்த்தோம் சின்னண்ணன், உள்ளே போனோம், நல்ல வடிவு" என்று ஒரு வாழ்த்து. குழுவில் எண்பத்திரண்டு பேர். அன்பு என்பது ஒரு கிளிக் 40 ரூபாய் வீதம் மாமாவின் கடன் அட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

இதை எந்த இயந்திரம் பிடிக்கும்? லண்டனில் உண்மையான மனிதர், உண்மையான போன், உண்மையாகவே பாசிக்குடா என்று தேடி, உண்மையாகவே படங்களைப் பார்த்திருக்கிறார். கெட்ட எண்ணமும் இல்லை. அறை எடுக்க மாட்டார், அவ்வளவுதான். அவர் ஊருக்கு வந்தால் மாமா வீட்டில்தான் பாய் போடுவார்.

இந்த முடிச்சை ஒரு பேராசிரியர் மிகத் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். 2004 டிசம்பரில் கூகுளின் நிதித் தலைவர் ஜோர்ஜ் ரேயஸே கிளிக் மோசடிதான் இணையப் பொருளாதாரத்துக்கு மிகப் பெரிய அச்சுறுத்தல் என்று முதலீட்டாளர்களிடம் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் லேன்ஸ் கிஃப்ட்ஸ் என்ற பரிசுப்பொருள் கடை, செல்லாத கிளிக்குக்கெல்லாம் காசு எடுத்தார்கள் என்று வழக்குப் போட்டது. 2006இல் 90 மில்லியன் டொலர் வரை என்று சமரசம். அதில் வழக்கறிஞர்களுக்குப் போனது காசு, கடைக்காரர்களுக்குக் கிடைத்தது மேலும் விளம்பரம் போடுவதற்கான வரவு. (பாம்பு கடித்தவனுக்குப் பாம்பையே பரிசாகக் கொடுத்த மாதிரி.) அந்த வழக்கின்போது கூகுளின் ஏற்பாடுகளைச் சுயாதீனமாகப் பார்த்து அறிக்கை எழுதியவர் நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் துஷிலின். கூகுளின் முயற்சி நியாயமானதுதான் என்பது அவருடைய முடிவு. ஆனால் அடிப்படைச் சிக்கல் என்று அவர் சொன்னதுதான் என் மனதில் நின்றது. எது செல்லாத கிளிக் என்ற விதியை வெளியே சொன்னால் கள்ளன் அதைப் படித்துவிட்டுத் தப்புவான். சொல்லாவிட்டால் காசு கட்டுகிறவனுக்குத் தன் பில்லைச் சரிபார்க்க வழியே இல்லை.

சந்தையில் மீன் வாங்கினால் தராசுத் தட்டு கண்முன்னால் இருக்கிறது. சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடையில் ஒருதரம் நிறுத்துப் பார்க்கலாம். இங்கே தராசும் வியாபாரியுடையது, படியும் அவருடையது, தட்டு திரைக்குப் பின்னால். அவர் களவு செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் படிவத்தை நிரப்பி மாமாவுக்காக ஒரு முறைப்பாடு போட்டேன், ஆய்வு செய்தோம், வேறு செல்லாத கிளிக் இல்லை என்று நாலு வரியில் பதில் வந்தது. சரியான பதிலாகவே இருக்கலாம். சரியா என்று பார்க்க எனக்கு வழி இல்லை என்பதுதான் என் புகார்.

அப்போ பக்கத்து ஹோட்டல்காரன்? அவரை நான் இன்னும் முழுதாக விடுதலை செய்யவில்லை. மட்டக்களப்புக் கைபேசி வலையமைப்பிலிருந்து விளக்கம் தெரியாத ஏழெட்டுக் கிளிக்குகள் இருந்தன. ஐ.பி. முகவரியைத் தடுக்கலாமே என்பீர்கள். கூகுள் விளம்பரத்தில் ஒரு பிரசாரத்துக்கு 500 முகவரிகள் வரை தடுக்க முடியும். ஆனால் கைபேசியில் வருகிறவர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள், அதுவும் நாளுக்கு நாள் மாறும். ஒன்றைத் தடுத்தால் ஏறாவூரில் யாரோ ஒருவரும் செங்கலடியில் யாரோ ஒருவரும் சேர்ந்து தடுபடுவார்கள், அந்த மனிதர் போனை அணைத்து ஏற்றினால் புது முகவரியோடு வருவார்.

இவ்வளவையும் கூட்டினாலும் காசில் பாதிக்குக் கிட்டத்தான் கணக்குச் சொல்ல முடிந்தது. மிச்சப் பாதி எங்கே போனது என்பதில் என்னுடைய பிழை இருந்தது. தேடல் விளம்பரம் போடும்போது, மற்றத் தளங்களிலும் செயலிகளிலும் காட்டுவதா என்று ஒரு சின்னப் பெட்டி ஏற்கெனவே சரி போட்டபடி வரும். அவசரத்தில் நான் அதைக் கழற்றவில்லை. எங்கெங்கே காட்டினார்கள் என்ற பட்டியலை இறக்கிப் பார்த்தேன். டோர்ச் லைட் செயலி. பலூன் உடைக்கிற விளையாட்டு. குழந்தைகள் நிறம் தீட்டுகிற செயலி, அதில் மட்டும் ஒரே நாளில் பதினொரு கிளிக்.

அன்று இரவு அக்காவின் வீட்டில் சாப்பாடு. அவளுடைய மகனுக்கு மூன்று வயது. கையில் போன் இருந்தால்தான் வாயில் சோறு இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூனைக்கு நிறம் தீட்டிக்கொண்டிருக்கும்போது பூனையை மறைத்துக்கொண்டு ஒரு விளம்பரம் வந்தது. மூலையில் கடுகளவு ஒரு பெருக்கல் குறி. பயலுக்கு அது தெரியும், அதை நோக்கித்தான் விரல் போனது. ஆனால் மூன்று வயது விரல் நுனி அந்தக் குறியைப்போல நாலு மடங்கு. சோற்றுப் பருக்கை வேறு ஒட்டியிருந்தது. யாரோ ஒருவரின் கார்க் காப்புறுதி திறந்துகொண்டது. அவன் அழத் தொடங்க, அக்கா பின்னால் போக்கி மூடினாள், பூனை திரும்பி வந்தது. எல்லாம் நாலு வினாடி. அந்தக் குறியை அவ்வளவு சின்னதாக, அந்த இடத்தில் வைத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது? 2010இல் எங்களைக் கள்ளர் என்றார்கள்.

பெரிய கும்பல்களின் கதை வேறு. 2011இல் எஸ்தோனியாவில் பிடிபட்ட கூட்டம் 40 இலட்சம் கொம்பியூட்டர்களில் கிருமியை விட்டு, மக்கள் தொடுகிற இணைப்புகளையே திசை திருப்பி 14 மில்லியன் டொலர் பார்த்தது. 2017இல் தாய்லாந்தின் கம்போடிய எல்லைப் பக்கம் ஒரு வீட்டுக்குள் 400க்கு மேற்பட்ட போன்களும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிம் அட்டைகளும் பிடிபட்டன. அது லைக் போடுகிற தொழிற்சாலை. மெத்பொட் என்ற வலையில் மனிதர்களே கிடையாது, வாடகைக் கணினிகள் எலியை அசைப்பது போலவும் காணொளி பார்ப்பது போலவும் நடித்தன. அதைக் கண்டுபிடித்த பாதுகாப்பு நிறுவனம் 2016இல் ஒரு நாளைக்கு 30 இலட்சம் முதல் 50 இலட்சம் டொலர் களவு என்றது. அதை நடத்திய அலெக்சாண்டர் ஷூக்கோவுக்கு 2021இல் பத்து வருடச் சிறை விழுந்தபோது அமெரிக்க நீதித்துறை சொன்ன மொத்தத் தொகை 70 இலட்சம் டொலருக்கு மேல். முன்னதன்படி அது இரண்டு நாள் வருமானம். களவின் அளவைச் சொல்கிறவர் பூட்டு விற்கிறவராக இருந்தால் நான் கொஞ்சம் கழித்துத்தான் கேட்கிறேன்.

மாமாவின் கணக்கைத் திருத்தினேன். செயலிகளை வெட்டினேன். மட்டக்களப்பு மாவட்டத்தையே விலக்கினேன், இங்கிருந்து யாரும் பாசிக்குடாவில் அறை எடுக்கப்போவதில்லை. இடம் என்ற அமைப்பில், குறித்த இடங்களில் அக்கறை உள்ளவர்களும் என்பதை எடுத்துவிட்டு, அங்கே உண்மையில் இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றினேன். வார விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்காகக் கொழும்பைச் சேர்த்தேன். வாட்ஸ்அப் குழுவில், விளம்பரத்தைத் தொடவேண்டாம், வெப்சைட் முகவரியை நேரே அடித்துப் பாருங்கள் என்று பணிவாக ஒரு செய்தி போட்டேன். அதற்கும் பூங்கொத்து வந்தது.

மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் காசு கட்டுற விளம்பரம் எனக்கே தெரியாதெண்டா, அது இரிக்கெண்டு எப்பிடி நம்புற?" முன்னோட்டம் பார்க்க ஒரு கருவி இருக்கிறது, காசு கழியாது என்று காட்டினேன். "அது அவங்கட கருவிதானே" என்றார். துஷிலின் இதைத்தான் சொன்னார் என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் முதல் நேரடிப் பதிவு வந்தது. ஒரு ஜெர்மன் சோடி, நாலு இரவு. மாமா எனக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்பினார். அந்த மகிழ்ச்சியோடு திங்கட்கிழமை அறிக்கையைத் திறந்தேன். கொழும்பு, காலை ஆறு மணி, ஒரு கிளிக். ஞாயிறும் ஒன்று. சனியும் ஒன்று. எல்லாம் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில்.

மாமாவின் மூத்த மகள் வெள்ளவத்தையில் இருக்கிறாள், வங்கியில் வேலை. எடுத்துக் கேட்டேன்.

"அப்பா ஒவ்வொரு நாளும் விடியவே எடுக்கிறார் மச்சான். விளம்பரம் வருதா, உள்ள போனா வேலை செய்யுதா எண்டு. உள்ள போகாம நான் எப்படிச் சொல்றது?"